12 வருட வாரண்டியும் வெள்ளை பூத்த பீடிங்கும்

நான் வாங்கியது 2016 மாடல், ஜெர்மன் கம்பெனியின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், செகண்ட் ஹேண்ட். இன்ஜின், கியர்பாக்ஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடியைச் சுற்றி ஓடும் வெள்ளி நிற பீடிங்தான் கண்ணை உறுத்தியது. பால் வழிந்து காய்ந்ததுபோல் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள். எந்த பாலிஷ் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளில் பழையபடி.

அது குரோம் இல்லை, அனோடைஸ் செய்த அலுமினியம். அதாவது மின்சாரம் பாய்ச்சி மேலே மைக்ரான் கணக்கில் வளர்த்த ஒரு ஆக்சைடு படலம். அமில, கார அளவைச் சொல்லும் பி.எச். சுமார் 4 முதல் 9 வரை அது தாங்கும். அதைத் தாண்டிய காரமோ அமிலமோ பட்டால் படலம் அரிக்கப்பட்டு வெளுத்துவிடும். கோளாறு படலத்திலேயே இருப்பதால் சாதாரண பாலிஷுக்கு அசையாது.

எங்கள் பிராண்டுக்கு மதுரையில் சர்வீஸ் கிடையாது, கோயம்புத்தூர்தான் போக வேண்டும். “சார், 12 வருஷ வாரண்டி துருவுக்குத்தான், அதுவும் பாடி தகடு உள்ளேயிருந்து அரிச்சு ஓட்டை விழுந்தாத்தான். பீடிங் எல்லாம் புது வண்டி வாரண்டியோட முடிஞ்சது” என்றார் அட்வைசர். கையேட்டைப் புரட்டினேன். அவர் சொன்னது சரிதான். ஷோரூமில் அந்த 12-ஐப் பெரிதாகச் சொல்கிறவர்கள் இந்த ஓட்டைக் கணக்கைச் சொல்வதில்லை. வாரண்டி ஓடத் தொடங்குவதும் முதல் ஓனருக்கு வண்டியைக் கொடுத்த நாளிலிருந்துதான், நாம் வாங்கிய நாளிலிருந்து இல்லை.

சரி, அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வண்டியோடு வந்த பழைய ஃபைலில் எல்லா ஜாப் கார்டும், அதாவது ஒவ்வொரு சர்வீஸிலும் வேலைகளைக் குறித்துத் தரும் தாள்களும், இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தால், வாரண்டி காலத்துக்குள் போட்ட ஒன்றில், ஆயில் மாற்றியதற்குக் கீழே, பேனாவில் ஒரு வரி: இரு கதவு பீடிங்கிலும் வெள்ளைக் கறை, அடுத்த சர்வீஸில் பார்க்கவும். அடுத்த சர்வீஸில் யாரும் பார்க்கவில்லை.

அந்தத் தாளையும், சேஸிஸ் நம்பர் தெரியும்படி எடுத்த படங்களையும் வைத்து கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். வாரண்டி என்று கேட்கவில்லை; வாரண்டிக்குள் சொல்லியும் கவனிக்காமல் விட்ட குறை, குட்வில்லில், அதாவது நல்லெண்ண அடிப்படையில், செய்து தாருங்கள் என்று கேட்டேன். முதலில் வந்தது அச்சடித்த மாதிரி மறுப்பு. பதில் மெயிலில் அதே தாளை மறுபடி இணைத்தேன், வேறு வாதம் எதுவும் எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீல் நண்பனிடம் கேட்டேன். “2019 சட்டப்படி நம்ம மதுரையிலேயே போடலாம், ஆனா வழக்குக்கான காரணம் எழுந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். உன் கேஸ்ல அது எப்ப எழுந்துச்சுன்னே சண்டை வரும்டா” என்றான். அந்த யோசனை அங்கேயே நின்றது.

கடைசியில் இரண்டு கதவு பீடிங்கின் விலையில் பாதியைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மீதியும் லேபரும் என் தலையில். ஜாப் கார்டில் பேச்சே இல்லாத கூரை ஓரப் பட்டிகளுக்குக் கை விரித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

அந்தப் பட்டிகளைப் பாத்திரங்களுக்கு பஃபிங் போடும், அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றும், பட்டறை ஒன்றில் கொடுத்தேன். எமரியால் படலத்தை எடுத்துவிட்டு சக்கரத்தில் ஏற்றினார்கள். கறுப்புக் குழம்பு வழிய வழியக் கண்ணாடி மாதிரி வந்தது. மினுமினுப்பு கதவுப் பட்டியைவிட ஒரு படி கூடுதல், உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். படலம் போன வெறும் அலுமினியம் என்பதால் மாதாமாதம் மெழுகு போட வேண்டியிருக்கிறது. திரும்ப அனோடைஸ் செய்யலாம், ஆனால் அவ்வளவு நீளப் பட்டிக்கு அதைச் செய்து தர ஆள் கிடைக்கவில்லை.

புது பீடிங் போட்டதும் பைபாஸ் ரோட்டில் நான் வழக்கமாக விடும் வாட்டர் வாஷுக்கு பி.எச். பேப்பர் கொண்டுபோனேன். நுரையில் தொட்டதும் கருநீலம், அதாவது கடும் காரம். “என்னண்ணே, வண்டிக்கு சுகர் டெஸ்டா?” என்று பையன் சிரித்தான். லாரிக்குப் போடும் அதே கெமிக்கல்தான் காருக்கும் என்று அவனே சொன்னான். இப்போது என் ஷாம்பு பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். காசு அதே காசுதான் வாங்குகிறான்.