சார்ஜரை எடுத்தேன், இன்சுலினை மறந்தேன்

மலைச்சரிவில் தீ தெரிந்ததும் நான் ஓடிப்போய் எடுத்தது செல்போன் சார்ஜரை. அம்மாவின் இன்சுலின் ஃபிரிட்ஜிலேயே இருந்துவிட்டது. இன்றும் அது உறுத்துகிறது.

யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. குறுஞ்செய்தி மட்டும் போனது; நெரிசலிலும் அது எப்படியோ நுழைந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா எங்களைக் காரில் ஏற்றி, கண்ணாடிகளை மூடி, வெளிக்காற்று உள்ளே வராதபடி ஏசியை மாற்றி, விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டினார்.

முகாமில் பெயரைப் பதிந்தோம். அதை வைத்துத்தான் அப்புறம் தம்பி எங்களைக் கண்டுபிடித்தான். நான் ஈரத்துணியால் மூக்கைக் கட்டியிருந்தேன். "புகையிலிருக்கும் நுண்துகளை இது தடுக்காதும்மா" என்று செவிலியர் என்95 முகக்கவசம் கொடுத்தார். மருந்துச்சீட்டின் போட்டோ போனில் இருந்ததால் இன்சுலினும் சீக்கிரம் கிடைத்தது. சரி, சார்ஜரும் வீணாகவில்லை.