நம்பரைக் கேட்கும் முன் காணியைச் சொல்லுங்கள்

மட்டக்களப்பில் காணி தேடும் ஒருவர் தரகரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "மாரியில தண்ணி நிக்குமா?" என்பதுதான். அடுத்தது, "உறுதிக் காணியா, பெர்மிட்டா?" அதாவது, உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்பது. விலை அதற்குப் பிறகுதான் வரும். ஆனால் இங்குள்ள தரகர்களின் இணையத்தளங்களைத் திறந்தால், "கல்லடியில் வீடு கட்ட உகந்த அழகிய காணி, உடனே அழையுங்கள்" என்று ஒரு வரியும், ஒரு படமும், ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்துக்கு அழைப்பு வராமலில்லை. வருகிற பத்துப் பேருக்கும் அதே இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியே நாள் போய்விடும். உண்மையில் வாங்கக்கூடிய பார்ட்டி யாரென்று பிரித்தறிய நேரம் இருக்காது.

இணையத்தளத்திலிருந்து நல்ல விசாரணை வர வேண்டுமானால், வாங்குபவர் மனதில் இருக்கும் கேள்விகளுக்கு அந்த இணையப் பக்கமே பதில் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் ஒருவர் தன் இலக்கத்தைத் தருகிறார் என்றால், அவர் காணியைப் பார்க்க வரத் தயாராகிவிட்டார் என்று பொருள்.

காணியின் அளவைப் பேர்ச்சில் எழுதுங்கள். ஏக்கரில் இருந்தால் பேர்ச்சையும் சேர்த்து எழுதுங்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச். அளவோடு முன்பக்க அகலம் அடியில் இருக்க வேண்டும். இருபது பேர்ச் என்றாலும் முன்பக்கம் 25 அடிதான் என்றால் அது வேறு காணி. ஒழுங்கையின் அகலத்தை வெறும் அடிக்கணக்காக விட்டுவிடாமல் "மணல் லொறி உள்ளே வரும்" அல்லது "ஓட்டோ மட்டும் வரும்" என்று எழுதினால், வீடு கட்ட நினைப்பவருக்கு உடனே விளங்கும். கிணற்றுத் தண்ணீர் உவரா, குழாய்நீர் இணைப்பு உண்டா, மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் என்பவை அடுத்தவை. கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஊர்களில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் விடவே கூடாது.

மாரித் தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் யூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தையும் சேர்த்துப் பார்க்க வருகிறார்கள். அப்போது எந்தக் காணியும் காய்ந்து கிடக்கும். வடகீழ்ப் பருவமழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை கொட்டும்போதுதான் பள்ளக்காணி எது, மேட்டுக்காணி எது என்று தெரியும். ஆகவே மார்கழியில் ஒருமுறை போய், மழை விட்ட மறுநாள் அதே காணியைப் படமெடுத்து, திகதியோடு போடுங்கள். தண்ணீர் நின்றால் நிற்கிறது என்றே எழுதுங்கள்; எத்தனை லோட் மண் போட்டு உயர்த்த வேண்டும் என்று மேசனிடம் கேட்டுச் சேர்த்தெழுதலாம். இதனால் ஒரு சிலர் விலகிப் போவார்கள். அவர்கள் எப்படியும் மாரிக்குப் பிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருப்பவர்கள்தான்.

படங்கள் நான்கு போதும்: வீதியிலிருந்து காணி, காணியிலிருந்து ஒழுங்கை, எல்லைக்கல், மாரிப்படம். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒன்றே நான்கைந்து மெகாபைட் இருக்கும். சுமார் 200 கிலோபைட்டுக்குக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவர், படம் வரும் வரை காத்திருக்க மாட்டார்.

உரித்தைப் பற்றிய பகுதிதான் பக்கத்தின் உயிர். உறுதிக் காணி என்றால், நில அளவை வரைபடம் உண்டா, அது எந்த ஆண்டு வரையப்பட்டது, காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவுப் பிரதி கையில் உள்ளதா என்று எழுதுங்கள். பெர்மிட் காணி என்றால், அதை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. இதை மறைத்து "காணி விற்பனைக்கு" என்று போட்டால் உறுதி எழுத நொத்தாரிசிடம் போகும்போது எல்லாம் உடைந்துவிடும். வயல் காணியை "வீடு கட்டலாம்" என்று போடுவதும் இதே வகைத் தவறு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, வயலை நிரப்ப முன் அனுமதி வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு இன்னொரு கேள்வி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. கனடாவிலோ சுவிஸிலோ இருபது வருடம் இருந்து அந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தவர், தான் இன்னும் ஊர்க்காரர் என்ற நம்பிக்கையோடு கேட்பார். ஊர்க்காரர் என்பது உண்மை. சட்டம் கேட்பது வேறு. ஆகவே விசாரணைப் படிவத்திலேயே "இலங்கைப் பிரசை / இரட்டைப் பிரசை / வெளிநாட்டுப் பிரசை" என்று ஒரு தெரிவு வையுங்கள். மூன்றாவதைத் தொட்டவரிடம், முதலில் சட்டத்தரணியைக் கலந்து கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் காணியைப் பற்றிப் பேச வேண்டும்.

படிவத்தில் பெயர், தொலைபேசி, எந்த ஊர், வேண்டிய பேர்ச், கையிலுள்ள தொகை, பிரசாவுரிமை, அழைக்க வசதியான நேரம் ஆகியவை இருந்தால் போதும். மின்னஞ்சலைக் கட்டாயமாக்காதீர்கள், எங்கள் ஆட்கள் வட்ஸ்அப்பில்தான் பேசுவார்கள். வட்ஸ்அப் பொத்தானில் இலக்கத்தை இடும்போது 94க்குப் பின்னால் வரும் 0ஐ எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பொத்தான் வேலை செய்யாது, ஆனால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். "இந்த இலக்கத்தைக் காணி விடயமாக மட்டும் பயன்படுத்துவோம்" என்று ஒரு வரி எழுதி, ஒப்புதல் குறி கேளுங்கள். தனிப்பட்ட தரவுகளைக் காக்கவென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது; அதைவிட, தந்த இலக்கம் இன்னொரு தரகரிடம் போனால் அந்தக் குடும்பம் உங்களிடம் திரும்பவே மாட்டாது.

கூகுள் தேடலில் வருவதற்கு ஊருக்கு ஒரு பக்கம் தேவை. "மட்டக்களப்பு காணி" என்ற ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டாமல் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, ஏறாவூர், செங்கலடி, களுவாஞ்சிக்குடி என்று பிரியுங்கள். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கங்களும் அப்படியே. தலைப்பில் "காணி"யோடு "வளவு" என்ற சொல்லும் வரட்டும். வீட்டு நிலம் தேடுபவர் அப்படியும் தட்டுவார். அம்பாறை நகரப் பக்கம் காணி இருந்தால் அந்த இணையப் பக்கத்துக்குச் சிங்களமும் வேண்டும். எழுத்து கட்டாயம் யுனிகோட்டில் இருக்க வேண்டும். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டித் தந்த விளம்பரத்தை அப்படியே ஒட்டினால், கூகுள் அதைத் தமிழாகவே எடுக்காது. வேறொரு போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். படத்துக்குள் எழுதிய தமிழும் தேடலுக்குப் பெரிதாக உதவாது.

சரியான இடத்தைக் காட்டினால் வாங்குபவர் நேரே சொந்தக்காரரிடம் போய்விடுவார், கொமிஷன் போய்விடும் என்ற பயம் தரகர்களுக்கு இருக்கிறது. அது நியாயமான பயம். வரைபடத்தில் காணியைக் குறிக்காமல், கிட்டடியிலுள்ள சந்தியையோ பாடசாலையையோ குறித்து, அங்கிருந்து எத்தனை மீற்றர் என்று எழுதுங்கள். சொந்தக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள். விலையை மட்டும் ஒளிக்காதீர்கள். "விலை பேசலாம்" என்று போட்டால் அழைப்பு கூடும், வியாபாரம் கூடாது.

விசாரணை வந்த பின் நேரம்தான் பெரிய சிக்கல். இங்கு இரவு ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை, லண்டனில் மத்தியானம். சுவிஸ்காரர் வேலை முடிந்து எட்டு மணிக்கு ஆறுதலாக உட்காரும்போது இங்கே நள்ளிரவு. அதனால்தான் படிவத்தில் நேரம் கேட்பது. இங்கே காலை ஏழரைக்கு ரொறன்ரோவுக்கு எடுத்தால் அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து பேசுவார்கள். இங்கே வீடு பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் இருப்பதால், "யாருக்காகப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். மகளுக்கென்றால் தாயிடமும் பேசாமல் முடியாது. கலியாணம் எப்போதென்று கேட்டுக் கொப்பியில் குறித்து வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு: படிவம் நிரப்பப்படுகிறது, மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குப் போகிறது, இரண்டு மாதம் யாருக்கும் தெரிவதில்லை. திங்கட்கிழமை தோறும் வேறொரு போனிலிருந்து படிவத்தை நிரப்பிப் பாருங்கள். வட்ஸ்அப் பொத்தானையும் அழுத்துங்கள். விற்ற காணியின் பக்கத்தை அழிக்க வேண்டாம். "விற்றாயிற்று" என்று மேலே எழுதி, அதே ஊரில் இப்போது இருக்கும் காணிகளைக் கீழே கோத்துவிடுங்கள். தேடலில் ஏறிய பக்கம் தொடர்ந்து ஆட்களைக் கொண்டு வரும்.