ஓரைக் கட்டமும் சேலத்து நண்பகலும்

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் பின்னட்டையில், எந்த மணி எந்தக் கோளுக்கு உரியது என்று காட்டும் ஓர் ஓரைக் கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது. பெண் பார்க்கப் போகும்போதோ வண்டிக்கு முன்பணம் கட்டும்போதோ மட்டுமே பலரும் அதைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஆனால், ஞாயிறுக்குப் பின் திங்களும் அதற்குப் பின் செவ்வாயும் ஏன் வருகின்றன என்ற கேள்விக்கு அந்தக் கட்டமே விடை வைத்திருக்கிறது.

பகலுக்குப் பன்னிரண்டு, இரவுக்குப் பன்னிரண்டு என நாளை 24 பங்காக்கியவர்கள் பண்டைய எகிப்தியர். வானில் மெதுவாக நகர்வதில் தொடங்கி விரைவாக நகர்வது வரை சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று கிரேக்க வானியலார் வரிசைப்படுத்தினார்கள். சனிக்கிழமையின் முதல் மணியைச் சனிக்குக் கொடுத்து, அடுத்தடுத்த மணிகளை இதே வரிசையில் பங்கிட்டால், மூன்று சுற்றில் 21 மணி தீர்ந்துவிடும்; 22ஆம் மணி மீண்டும் சனிக்கும், 23 குருவுக்கும், 24 செவ்வாய்க்கும் போக, மறுநாளின் முதல் மணி சூரியனுக்கு வந்து சேரும். அதுவே ஞாயிறு. அங்கிருந்து மறுபடி எண்ணினால் திங்கள் கிடைக்கும். காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் ஏழு கிழமைகளும் பிசகாமல் வந்து நிற்கின்றன.

மணிக்கு 60 நிமிடம் என்பது பாபிலோனியரின் அறுபதடிமானக் கணக்கின் மிச்சம். இரண்டு முதல் ஆறு வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும் அறுபதை அவர்கள் வானியலுக்கும் பயன்படுத்தினார்கள். நம் முன்னோரும் நாளை 60 நாழிகையாகவே பகுத்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம்; இரண்டரை நாழிகை ஒரு மணி. நீரைக் கொண்டு நாழிகை அளந்த கன்னல், முல்லைப்பாட்டிலேயே இடம்பெற்றிருக்கிறது.

இந்தப் பழைய அளவுகள் எல்லாம் அந்தந்த ஊரின் சூரியனைப் பார்த்து எழுந்தவை. நம் கடிகாரமோ 1906 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. சேலம் அதற்கு மேற்கே ஏறத்தாழ 78.15 பாகையில் இருப்பதால், இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 17 நிமிடம் பிந்துகிறது. மொட்டை மாடியில் துணிக்கொடி கட்டிய கம்பத்தின் நிழல், நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டு மணியை ஒட்டியும், பிப்ரவரி நடுவில் பன்னிரண்டரைக்கும்தான் மிகக் குறுகி நிற்கும். ஏற்காட்டில் குளிர் வேறாக இருக்கலாம், நண்பகல் இதேதான்.

ராகு காலத்தின் கதையும் இப்படிப்பட்டதே. சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கை ராகு காலமாகக் கொள்வது முறை. உதயம் ஆறு மணி என்று வைத்துக்கொண்டே நாட்காட்டியில் 7.30 முதல் 9.00 வரை என்று போடுகிறார்கள். ஜனவரி நடுவில் சேலத்தில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய 6.40 ஆகிவிடுவதால், உண்மைக் கணக்கில் ராகு காலம் எட்டு மணிக்குப் பிறகு தொடங்கி ஒன்பதரையைத் தொடும். திங்கட்கிழமை ஒன்பது மணி அடித்த பிறகே கல்லாவைத் திறப்பேன் என்று காத்திருக்கும் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி, தை மாதத்தில் ராகு காலத்துக்குள்ளேதான் கல்லாவைத் திறக்கிறார்.