இருட்டறையில் கண்ட கூடுதல் பட்டை

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களைப் பற்றிக்கொண்டு மரபணுக்களை இயக்கும் புரதமான குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் டி.என்.ஏ. பற்றும் பகுதியைப் பாக்டீரியாவில் தயாரித்து, அது தனக்குரிய டி.என்.ஏ. துண்டையும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குரிய துண்டையும் எப்படிப் பிரித்தறிகிறது என்று ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. துண்டுகளில் அடையாளமாக ஏற்றும் கதிரியக்க பாஸ்பரஸின் அரை ஆயுள் 14 நாட்களுக்குச் சற்றே அதிகம் என்பதால், பொட்டலம் வந்த வாரத்திலேயே எல்லாவற்றையும் ஓட்டி முடிக்க வேண்டும் என்ற பதற்றம் எப்போதும் இருந்தது. அப்படி ஓட்டிய ஒரு ஜெல்லின் எக்ஸ்ரே ஃபிலிமை இருட்டறையில் கழுவி எடுத்தபோது, ஒன்றும் தெரியக் கூடாத ஈஸ்ட்ரோஜன் துண்டின் வரிசையிலும், புரதம் பற்றியதைக் காட்டும் அடர்ந்த பட்டை ஒன்று நின்றது.

பாடநூல் சொல்லித் தந்தது வேறு. குளுக்கோகார்ட்டிகாய்டு துண்டின் ஒவ்வொரு பாதியிலும் ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ என்ற ஆறு எழுத்துகள், மற்றதில் ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ. நடுவில் உள்ள இரண்டு எழுத்துகள்தாம் வேறுபாடு. ஏற்பியின் பற்றும் பகுதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் எட்டு, நான்கு நான்காகக் கூடி இரண்டு துத்தநாக அயனிகளைப் பிடித்து, துத்தநாக விரல்கள் எனப்படும் இரண்டு மடிப்புகளை உருவாக்குகின்றன; முதல் துத்தநாக விரலை ஒட்டிய சுருள் டி.என்.ஏ.வின் அகன்ற பள்ளத்துக்குள் இறங்கி எழுத்துகளைத் தொட்டுப் படிக்கிறது. அங்கே உள்ள மூன்று அமினோ அமிலங்கள் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பிக்கு கிளைசின், செரின், வேலின்; ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு குளூட்டமேட், கிளைசின், அலனின். இந்த மூன்றையும் இடம் மாற்றினால் ஓர் ஏற்பி மற்றதன் துண்டைத் தேடிப் போகும் என்பதை 1989 இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுவினர் காட்டிவிட்டனர். அவ்வளவு துல்லியமான பொருத்தம் என் ஜெல்லில் மட்டும் எப்படிப் பொய்த்தது?

ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என் மூத்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பாலி டிஐ-டிசி எவ்வளவு போட்டீங்க?" நேர்மின்னேற்றம் கொண்ட புரதம் எந்த டி.என்.ஏ.வையும் ஓரளவு பற்றும். அந்தப் பொதுவான பற்றுதலுக்குத் தீனியாகவே அந்தச் செயற்கை டி.என்.ஏ.வைக் கலக்கிறோம். நான் அதைக் குறைத்து, புரதத்தைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். அளவைச் சரிசெய்து, கதிரியக்கம் ஏற்றாத துண்டுகளைப் போட்டிக்கு விட்டபோது, குளுக்கோகார்ட்டிகாய்டு துண்டு ஈஸ்ட்ரோஜன் வரிசையின் பட்டையை எளிதில் அழித்தது. அதே மடங்கில் இட்ட ஈஸ்ட்ரோஜன் துண்டால் குளுக்கோகார்ட்டிகாய்டு வரிசையின் பட்டையை அசைக்க முடியவில்லை. பற்றுகிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்த நான், எதைவிட எத்தனை மடங்கு என்று கேட்கப் பழகியது அந்த வாரத்தில்தான்.

இரண்டு பாதிகளுக்கும் இடையே உள்ள மூன்று எழுத்து இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று தலைகீழ். ஆனால் விகடகவியைப் போல ஒரே இழையில் திருப்பிப் படித்தால் இந்த மாலைமாற்று பிடிபடாது, எதிர் இழையில் படிக்க வேண்டும். அவற்றின் மேல் இரண்டு ஏற்பிகள் இரண்டாம் துத்தநாக விரலின் வழியே கைகோத்து அமர்கின்றன. 1991 இல் வெளிவந்த படிக அமைப்பில் இடைவெளி நான்கு எழுத்தாக இருந்தது. இணை தன் பிடியைத் தளர்த்தவில்லை. ஒன்று உரிய எழுத்துகளின் மேலும், மற்றது ஓரெழுத்து தள்ளி, தனக்குத் தொடர்பற்ற எழுத்துகளின் மேலும் உட்கார்ந்திருந்தது. இத்துறையில் நான் பார்த்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனாலும் கணக்கு இடித்தது. ஆறு எழுத்துச் சொல் ஒன்று தற்செயலாகவே 4096 இடங்களுக்கு ஒருமுறை வரும். சுமார் 300 கோடி எழுத்து கொண்ட மனித மரபணுத்தொகுதியில் ஓர் இழையில் மட்டும் ஏழு லட்சம் தடவை. பன்னிரண்டும் பிசகாமல் பொருந்த வேண்டுமென்றால் இருநூறுக்கும் குறைவு. உயிரணுவில் ஏற்பி அமரும் இடங்களோ ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை எழுத்து பிசகியவை. அதைவிடப் பெரிய சிக்கல், ஆன்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன், மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பிகளுக்கும் அந்த மூன்று அமினோ அமிலங்கள் அவையேதாம். பின்னாளில் ஆன்ட்ரோஜன் ஏற்பியை அதே துண்டின் மேல் ஓட்டியபோது பட்டை அழகாக வந்தது. இம்முறை பிழை எதுவும் இல்லை.

ஜெல்லில் ஓடுவது அம்மணமான டி.என்.ஏ. உயிரணுவில் அது ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி மடிந்து கிடக்கிறது. எந்த இடம் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்பது திசுவுக்குத் திசு மாறும், குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியும் பெரும்பாலும் திறந்த இடங்களிலேயே அமர்கிறது. புரோஸ்டேட் திசுவில் ஃபாக்ஸ்-ஏ1 போன்ற புரதங்கள் முன்னதாகச் சென்று வழி திறந்து வைக்கின்றன.

சிறுநீரகத்தில் நடப்பது இன்னும் விசித்திரம். மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி, தனக்குரிய ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனைப் பற்றும் அதே வலுவோடு கார்ட்டிசாலையும் பற்றும்; இரத்தத்தில் கார்ட்டிசாலோ பன்மடங்கு அதிகம். அங்குள்ள ஒரு நொதி கார்ட்டிசாலைக் கார்ட்டிசோனாக மாற்றி, ஏற்பியை அது நெருங்கவிடாமல் காக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் அதிமதுரத்தை அளவுமீறித் தின்றால் அந்த நொதி முடங்கி, இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கும். அப்போதும் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.