முதல் வெட்டு நோயாளியின் குரல்நாணில் வேண்டாம்

குரல்நாண் அறுவை சிகிச்சை கற்கும் இளம் டாக்டரின் முதல் வெட்டு நோயாளியின் தொண்டையில் விழவே கூடாது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

குரல்நாண் சுமார் இரண்டு செ.மீ. நீளம்தான், பெண்களுக்கு இன்னும் குறைவு. பேசும்போது ஆணுக்கு வினாடிக்குச் சுமார் 100 முறை, பெண்ணுக்கு 200 முறை அதிரும். அப்படி அதிரவைப்பது மேல்தோலுக்கு அடியில் ஜெல்லி மாதிரி இருக்கும் மெல்லிய அடுக்கு. இந்த அடுக்கமைப்பை 1970களில் விளக்கியவர் ஜப்பானின் மினோரு ஹிரானோ. சின்னக் கட்டியை எடுக்கப்போய் அந்த அடுக்கைத் தாண்டி ஆழமாக வெட்டினால் தழும்பு விழும், குரல் கரகரத்துப்போகும். தழும்பை முழுசாகச் சரிசெய்ய இன்றும் உறுதியான வைத்தியம் இல்லை. பாடகருக்கும் டீச்சருக்கும் அது பிழைப்பையே தொடும் விஷயம்.

வேலையும் லேசானதல்ல. வாய் வழியாக ஓர் உலோகக் குழாய், அதற்குள் ஒரு சாண் நீளக் கருவிகள், கண் மைக்ரோஸ்கோப்பில். மைக்ரோஸ்கோப்பின் கீழே கை நடுக்கம் அத்தனையும் தெரியும்.

அதற்குத்தான் ஆட்டுக் குரல்வளை. கறிக்கடையில் சொல்லிவைத்தால் கிடைக்கும். ஸ்டாண்டில் பொருத்தி, அதே குழாய், அதே கருவிகளோடு மேல்தோலை மட்டும் தூக்கிப் பழகலாம். சிலிக்கோன், 3டி பிரிண்ட் மாதிரிகளும் இருக்கின்றன. ரத்தம் வராது, திசுவின் இழுவை அப்படியே இருக்காது, உண்மைதான். ஆனால் இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகிவிடும். முதலில் வேண்டியது அதுதான்.

துறைத் தலைவர்களே, பிஜி (முதுநிலை) மாணவர்கள் இப்படிப் பழக ஒரு மேசையும் பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றும் ஒதுக்கிக் கொடுங்கள்.