வாடகை வீட்டின் கடைசி வேலை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் வாங்கித் திருத்தி வாடகைக்கு விடுகிற வீடுகளில் நிறைய, 1950களிலும் 60களிலும் கட்டிய ஒற்றைத்தட்டு பங்களாக்கள். கூரை, ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்), குசினி என்று காசு கரைந்த பிறகு மிஞ்சுவது ட்றிம்மும் (சுவரடியிலும் கதவைச் சுற்றியும் அறைகிற பலகைகள்) பெயின்ற்றும். அந்த நேரம் பொறுமையும் தீர்ந்திருக்கும். 'எதையாவது அடிச்சு விடுவம்' என்று தோன்றும். ஆனால் குடியிருக்கிற குடும்பம் நாள் முழுக்கப் பார்க்கிறதும் தொடுகிறதும் இவை இரண்டையும்தான். நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் இருந்த பேஸ்மென்ற்றில் சுவரடிப் பலகை தண்ணீர் குடித்து வீங்கிப் பிசிறு பிசிறாய்க் கிடந்தது. தவழ்கிற பிள்ளை அதைப் பிய்த்து வாயில் வைக்காமல் பார்ப்பதே மனைவிக்கு வேலை. அதனால் மச்சானோடு சேர்ந்து முதல் வீடு வாங்கியபோது, எதையும் உடைக்க முதலே இந்த ட்றிம், பெயின்ற் கணக்கை எழுதி வைத்தோம்.

யாழ்ப்பாணத்து வீட்டில் சீமெந்துத் தரையும் சுவரும் நேரே சந்திக்கும். இங்கே வீட்டுக்குள் பாதி மரம். குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடக் காய்ந்து சுருங்கும், கோடையில் ஈரம் பிடித்து விரியும். லாமினேற் தரை (துண்டு துண்டாய்ப் பொருத்துகிற மரத்தரை) போடும்போது சுவரோரம் கால் அங்குலமாவது இடைவெளி விடுவது அதற்காகத்தான். அந்த இடைவெளியை மறைக்கத்தான் பேஸ்போர்ட் என்கிற சுவரடிப் பலகை. அதைச் சுவரில் அறைய வேண்டும். தரையோடு சேர்த்து ஆணி இறக்கினால் தரைக்கு அசைய வழியில்லாமல் போய் நடுவில் எழும்பும்.

எங்களுக்கு வேலை பழக்கிய அண்ணை ஒருவர் அடிக்கடி சொல்வார்: "தம்பி, தரைக்கு முதல் பேஸ்போர்ட் அடிச்சியள் எண்டா, பிறகு கழட்டத்தான் வேணும்." அவர் சொல்லித் தந்த ஒழுங்கைத்தான் இன்றும் பிடிக்கிறோம். சுவரில் ஓட்டைகளை அடைத்துத் தேய்த்து, பிறைமர் (அடிப்பூச்சு) அடித்து, சீலிங்கையும் சுவரின் முதல் பூச்சையும் முடித்துவிட்டுத்தான் தரை. பிறகு கதவுகள், கதவுச் சட்டங்கள், பேஸ்போர்ட். ஆணித் துளைகளுக்கு ஃபில்லர், சுவரோரக் கோடுகளுக்குக் கோக்கிங் (இடுக்கு அடைக்கும் பசை). கோக்கிங் குழாயில் 'பெயின்ற் அடிக்கலாம்' என்று இருக்க வேண்டும், சுத்த சிலிக்கனில் பெயின்ற் ஒட்டாது. சுவரின் கடைசிப் பூச்சு எல்லாவற்றுக்கும் பின்னால்.

அளவில் கதவுகள்தான் ஆட்களைச் சறுக்க வைக்கும். ஒரு கதவின் ஒரு பக்கச் சட்டத்துக்கே ஏறக்குறைய 17 அடிப் பலகை வேண்டும், இரண்டு பக்கத்துக்கு 34. பேஸ்போர்ட்டுக்கு அறையின் சுற்றளவில் கதவு அகலத்தைக் கழித்து, வெட்டுக்கழிவுக்குப் பத்து வீதம் கூட்டி வாங்குவோம். படுக்கையறைக்கு எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போதும், மலிவு, பெயின்ற் வழவழவென்று பிடிக்கும். குளியலறைக்கும் பேஸ்மென்ற்றுக்கும் அது வேண்டவே வேண்டாம், தண்ணீர் குடித்து வீங்கும், அங்கே பி.வி.சி. பிளாஸ்ரிக் பலகை போடுங்கள். மரப்பலகையானால் வெட்ட முதல் இரண்டு மூன்று நாள் அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும்.

பழைய ட்றிம்மைக் கழற்றாமல் விடுகிறீர்களா? பெயின்ற் கடைக்கு ஓட முதல், ஒரு துணியை மெதைல் ஹைட்ரேற்றில் (மெதனோல்) நனைத்து ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் அது லேற்றெக்ஸ், தண்ணீர்ப் பெயின்ற். துணி வெள்ளையாகவே இருந்தால் எண்ணெய்ப் பெயின்ற். அதன் மேல் நேரே லேற்றெக்ஸ் அடித்தால் நகத்தால் கீறினாலே தோலாய் உரியும். அதற்கென்றுள்ள ஒட்டுப் பிறைமர் முதலில் வேண்டும். இன்னொன்று, 1960க்கு முன் கட்டிய வீடென்றால் பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தூள் பறக்க மணல்தாள் போடாதீர்கள், மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே கை வையுங்கள். அந்தத் தூள் சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். இதில் மட்டும் நான் யாரோடும் விட்டுக்கொடுப்பதில்லை.

சிகரெட் புகை படிந்த சுவர் என்றால் கழுவிவிட்டு ஷெலாக் (அரக்கு) பிறைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை கோட் அடித்தாலும் மஞ்சள் மேலே வரும். எங்கள் ஆட்கள் குடியிருந்த குசினியில் தாளிப்பு எண்ணெய் படிந்திருக்கும், அதையும் முதலில் கழுவ வேண்டும்.

நிறத்துக்கு நாங்கள் யோசிப்பதேயில்லை. எல்லா வீட்டுக்கும் சுவருக்கு ஒரே மங்கல் வெள்ளை, மெல்லிய மினுக்கமுள்ள எக்‌ஷெல். ட்றிம்முக்கு அதைவிட மினுங்குகிற செமி குளோஸ், துடைக்கலாம். சீலிங்குக்கு மினுக்கமில்லாத ஃபிளாற். 3.78 லீற்றர் வாளி ஒன்று, ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 350 முதல் 400 சதுர அடி வரும். குடி மாறும்போது கீறல் விழுந்த இடத்தை மட்டும் தொட்டுவிட்டால் போதும், முழுச் சுவரையும் அடிக்கத் தேவையில்லை. நிறத்தின் இலக்கத்தை ஃபேர்னஸ் அறைச் சுவரில் எழுதி வைக்கிறோம். மிச்சப் பெயின்ற்றை மட்டும் கராஜில் வைக்காதீர்கள், சனவரிக் குளிரில் உறைந்தால் தயிர்போலத் திரைந்துவிடும், பிறகு எதற்கும் உதவாது.