டெஸ்டர் காட்டும் ஓமும் சர்ஜ் பார்க்கும் கம்பியும்

ஐப்பசியில் இடி கேட்கத் தொடங்கியதும் மண்டபம், தேவிபட்டினம் பக்கத்து ஐஸ் கம்பெனிகளிலும் இறால் பண்ணைகளிலும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் போர்டுகள் பழுதாகிப் போகும். எர்த்தின் மின்தடையை அளக்கும் எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் ஒரு ஓம்கூட இருக்காது. “எர்த் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எப்படிண்ணே போச்சு?” என்று எலக்ட்ரீஷியனைக் கேட்பார்கள்.

உப்புத் தண்ணீர் ஊறிய மண்ணில் ஓம் குறைவாக வருவது பெரிய காரியமில்லை. டெஸ்டர் மெதுவான மின்னோட்டத்தில் அளக்கிறது. மின்னலால் லைனில் பாயும் திடீர் அலையான சர்ஜோ சில மைக்ரோ விநாடியில் உச்சத்துக்கு ஏறிவிடும். அந்த வேகத்தில் கம்பியின் இண்டக்டன்ஸ்தான் (மின்னோட்டம் வேகமாக மாறுவதை எதிர்க்கும் குணம்) பேசும். மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி. 10 கிலோ ஆம்பியர் 8 மைக்ரோ விநாடியில் ஏறினால் ஒரு மீட்டர் கம்பியிலேயே 1,250 வோல்ட் எழும். எஸ்.பி.டி. (சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் பாதுகாப்புக் கருவி) தன் அளவில் 1,500 வோல்ட்டில் பிடித்துவிடுகிறது என்று வையுங்கள். அதைப் பேனலின் மேல் மூலையில் மாட்டி, வயரைப் பார்வைக்கு லட்சணமாக டக்டுக்குள் சுற்றி, கீழே எர்த் வயர்கள் எல்லாம் சேரும் எர்த் பாரில் கொண்டுபோய் முறுக்கினால் போக வர 2 மீட்டர் ஆகிவிடும். கம்பியின் 2,500-ம் எஸ்.பி.டி.யின் 1,500-ம் சேர்ந்து டிரைவ் பார்ப்பது 4,000 வோல்ட். 230/400 வோல்ட் லைனில் நிலையாகப் பதித்த கருவிகளுக்கு வைத்திருக்கும் தாங்கும் அளவே அதுதான்; பிளக்கில் மாட்டும் சாமான்களுக்கு 2,500.

ஆகவே லைன் வரும் பஸ்பாரிலிருந்து எஸ்.பி.டி., அங்கிருந்து எர்த் பார், இரண்டும் சேர்ந்து அரை மீட்டருக்குள் முடிய வேண்டும். வயர், லைன் வழியே வரும் சர்ஜுக்கான டைப் 2 எஸ்.பி.டி. என்றால் 6 சதுர மி.மீ. செம்பு, நேரடி மின்னலுக்கான டைப் 1 என்றால் 16. எர்த் பார் தூரத்தில் இருந்தால் எஸ்.பி.டி.க்கு அடியிலேயே சின்னதாக இன்னொரு பார் போட்டு, பேனல் பாடியோடும் பழைய பாரோடும் இணைத்துவிடலாம்.

இந்தக் கரையில் பிட்டைவிட (எர்த் இறக்கிய குழி) ஜாயின்ட்தான் முதலில் கெடும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையில் போல்ட் இருக்கும் இடத்தில் முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு செந்துரு. செம்பு வயரில் அலுமினிய லக் (வயர் முனையில் அடிக்கும் உலோகக் காது) அடித்திருந்தால் அரிப்பு இன்னும் வேகம். பிட்டில் மட்டும் அளந்தால் இதெல்லாம் தெரியாது. பேனல் பாரிலிருந்து பிட் வரைக்கும் தனியாக அளக்க வேண்டும், அதுவும் லோ ஓம் மீட்டரில். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் ‘பீப்’ அடித்துவிடும். டின் பூசிய செம்பு லக், எஸ்.எஸ். போல்ட், மேலே பெட்ரோலியம் ஜெல்லி, செலவு அதிகமில்லை.

மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.க்குத் தனி எர்த் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தனியாகத் தோண்டுங்கள், ஆனால் மற்ற பிட்டோடு இணைக்காமல் விடாதீர்கள். பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு பிட்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வோல்ட் நிற்கும். அது கடந்துபோகக் கிடைக்கும் வழி சென்சார் கேபிள்.

எல்லாப் பழியையும் மின்னல்மேல் போடவும் முடியாது. உப்பு அரித்து நியூட்ரல் விட்டுப்போனால் 230 வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேல் வந்து நிற்கும். 275 வோல்ட் வரை தொடர்ந்து தாங்கும் எஸ்.பி.டி. அதில் சூடேறிக் கருகும். 320 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். அந்த வேலைக்கு ஓவர் வோல்டேஜ் ரிலே வேண்டும். தண்ணீருக்குக் காற்றூட்டும் குளக்கரை ஏரேட்டருக்கு டிரைவிலிருந்து நீளமாகக் கேபிள் இழுத்திருந்தால் சிக்கல் வேறு. டிரைவுக்குள் இருக்கும் சுமார் 580 வோல்ட் டி.சி., துடிப்புகளாக வெளியேறி, கேபிள் முனையில் எதிரொலித்து மோட்டாரில் இரட்டிப்பாகி வைண்டிங்கைத் தின்னும். டிரைவ் வெளியே வரும் பக்கம் சோக் (கம்பிச் சுருள்) போட வேண்டும், எஸ்.பி.டி. அங்கே உதவாது.

இன்சுலேஷனைச் சோதிக்க மெக்கர் போடும் முன் எஸ்.பி.டி. கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடுங்கள். கார்ட்ரிட்ஜ் செத்து அதன் பச்சை ஜன்னல் சிவப்பாக மாறினாலும் எதுவும் ட்ரிப் ஆகாது, மெஷின் பாட்டுக்கு ஓடும். உப்புப் படிந்த கண்ணாடியில் நிறமும் சரியாகத் தெரியாது. அதைத் தூரத்துக்குத் தெரிவிக்கும் ரிமோட் கான்டாக்ட் உள்ள மாடலாக வாங்கி, இரண்டு வயர் இழுத்து ஆபரேட்டர் மேஜையில் ஒரு விளக்கு எரிய வையுங்கள்.